லண்டன் பஸ்ஸில் கற்ற பாடம்

லண்டனில் நாம் பஸ் ஏறிக் காசை நீட்டினோம். டிரைவர் தலையை அசைத்துவிட்டார். 2014 ஜூலை முதல் அங்கு பஸ்களில் ரொக்கம் வாங்குவதேயில்லை. பின்னால் நின்றவர்கள் பார்க்க, வெட்கத்தோடு இறங்கினோம்.

ஒரு முதிய அம்மையார் விளக்கினார்: ஆயிஸ்டர் என்னும் அட்டையில் பணம் போட்டு, ஏறும்போது மாத்திரம் கருவியில் தொடவேண்டும், அதிலிருந்து ஒரு மணிக்குள் வேறு பஸ் மாறினால் மறுகட்டணமில்லை, முன்வாசலில் ஏறி நடுவாசலில் இறங்கவேண்டும். மறுநாள் யார் துணையுமின்றிப் போய்வந்தோம்.

ஒரே இரவில் நமக்கு அறிவு எங்கிருந்து வந்தது? பிறவியிலிருந்தா? கேட்டதனால்தானே! ஆகவே, கேட்பது இழிவல்ல. கேட்பவனைச் சிரிப்பதே இழிவு. நம்மூர் பஸ் நிலையத்தில் பலகை படிக்கத் தெரியாது விழிக்கும் கிராமத்தானுக்கும் நாம் அந்த அம்மையாராக வேண்டாமா?