இறக்கம்தான் சோறு போடுது!

நடுவர் அவர்களே! எதிரணியிலே உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!

"மனிதனுக்கு வாழக் கற்றுக்கொடுப்பது ஏற்றமா, இறக்கமா?" என்பது தலைப்பு. எதிரணி நண்பர் சொன்னார், "ஏற்றம் வந்தால்தான் நாலு பேர் மதிப்பான்" என்று. ஐயா, மதிக்கிறது வேறு. சோறு போடுறது வேறு! (சிரிப்பு)

பாம்பன் தீவிலே சின்னப்பாலம் என்று ஒரு மீனவர் ஊர். மன்னார் வளைகுடாப் பக்கம். பவளப்பாறைகள் அலையை முன்னாலேயே மடக்கிவிடுவதால் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். நான் போன நேரம், தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. ஒரு அம்மாகிட்டே, "என்ன தாயி, கடல் வத்திப்போச்சே?" என்று பரிதாபப்பட்டேன். அந்த அம்மா சிரிச்சாங்க. "வத்துனாத்தான்யா எங்க வீட்டு அடுப்பு எரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிட்டாங்க. முனைவர் பட்டம் வாங்கினவனுக்கு அன்றைக்குத்தான் பாடம்!

அங்கே பெண்களுக்குத் தொழில், பாசி எடுப்பது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பெயர் சொல்லுவார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பார்கள். ஜெல்லியைக் கெட்டியாக்கும் அகர், மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவதுதான்.

அமாவாசை, பௌர்ணமியில் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். அங்கே அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் ஆழம் குறைந்த கடலில் ஒரு முழம் இறங்கினாலே பாறை கைக்கு எட்டிவிடும்.

மற்ற நாளில் மூழ்கி எடுக்க முடியாதா? முடியும். ஆனால் அந்தப் பெண்கள் கூடிப் பேசி, அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதத்துக்கு 12 நாள் போதும் என்று முடிவு செய்தார்கள். மிச்ச நாளில் பாசி வளரட்டும் என்றார்கள். அவர்களின் தலைவி லட்சுமிக்கு 2015-இல் சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. (கைதட்டல்)

நம் வீட்டைப் பாருங்கள். சம்பளம் கூடின மாதம் கணக்கு எழுதினோமா? கை வறண்ட மாதம்தானே நோட்டைத் தேடுகிறோம்!

கடல் மறுபடியும் ஏறும், நடுவர் அவர்களே, மறுக்கவில்லை. ஏறும்போது அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பிள்ளைக்குச் சோறும், "போதும்" என்ற சொல்லும் இறக்கத்திலே கிடைத்தவை. ஆகவே இறக்கமே என்று தீர்ப்பளியுங்கள்.