நோயல் மரமும் வாயில்லா உயிரும்



மார்கழிப் பனி இறங்கியதும் நம் புதுவையின் தோற்றமே மாறிவிடுகிறது. மிஷன் வீதியின் சம்பா கோயிலும், தெற்கு புல்வாரின் இருதய ஆண்டவர் பேராலயமும் ஒளியால் பொலிகின்றன. வாசல்தோறும் நட்சத்திர விளக்குத் தொங்குகிறது. வாளி மணலில் நட்ட சவுக்குக் கிளை பல வீடுகளில் நோயல் மரமாகிறது. அம்மரத்தடியில் உலவும் நாயையும் பூனையையும் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இன்று பிரான்சு நாட்டில் உள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரைப் பற்றிய 1605ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, மரங்களில் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கியதைக் கூறுகிறது. 1882இல் நியூயார்க்கில் எட்வர்டு ஜான்சன் மின்விளக்குகளால் மரத்தை அணி செய்தார். கண்ணாடி உருண்டை, ஜிகினா, மின்கம்பி என அலங்காரம் வளர்ந்தது. அதனோடு வீட்டு விலங்குகளுக்கு இடரும் வளர்ந்தது.

பூனையின் நாவை அருகிலிருந்து கண்டிருக்கிறீர்களா? தொண்டையை நோக்கி வளைந்த நுண்முட்கள் அதில் நிறைந்துள்ளன. மின்னும் ஜிகினா இழையைப் பூனை விளையாட்டாகக் கடிக்கும். முட்களில் சிக்கிய இழையைத் துப்புவது அதற்கு எளிதன்று, விழுங்கிவிடும். இழையின் ஒரு முனை நாவடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், குடல் தன் இயல்பான அசைவால் மற்ற முனையை இழுக்கும். அப்போது கயிறு இழுத்த சுருக்குப்பையைப் போலக் குடல் மடிந்து குறுகும். இழை குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். ஆகவே, பூனையின் வாயில் இழை தொங்கக் கண்டால் நீங்களே இழுத்துவிடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நம் ஊர்க் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நாய்க்குட்டியோ எதையும் கடித்துப் பார்த்தே அறியும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்பியில் பல் பட்டால் உயிரே போகக்கூடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை மனித உடல் விரைவாகச் சிதைத்துவிடும். நாயின் உடலில் அது நெடுநேரம் தங்கி, இதயத்தைப் படபடக்கச் செய்து, வலிப்பையும் உண்டாக்கும். கேக்கில் உள்ள உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அன்பினால் ஊட்டும் ஒரு துண்டும் நஞ்சாகலாம்.

பிறர் நிலையில் நின்று பார்க்கக் கற்பதே கல்வி என்று வகுப்பில் நான் கூறுவதுண்டு. தரையில் முழந்தாளிட்டு, உங்கள் நாயின் கண்ணுயரத்திலிருந்து மரத்தை நோக்குங்கள். எவை அதற்கு எட்டும் என்பது விளங்கும். தாழ்ந்த கிளைகளில் தடித்த துணிப் பொம்மைகளும் மரப் பொம்மைகளும் போதும். கண்ணாடி மேலே இருக்கட்டும். பூனை மரமேறும் ஆதலால், அது உள்ள வீட்டில் ஜிகினாவே வேண்டா. வாளியில் கனத்த கல் இட்டு, மரத்தின் உச்சியைச் சன்னல் கம்பியோடு பிணையுங்கள். மின்கம்பியைக் குழாய்க்குள் செலுத்திச் சுவரோரமாகக் கொண்டு செல்லுங்கள். இனிப்புகளை அலமாரியில் பூட்டுங்கள். நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படுமுன் விளக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

உயிர்களிடத்து இரக்கம் கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியலமைப்பு 1976இல் ஏற்றுக்கொண்டது. அக்கடமையைச் செய்ய அரும்பெருஞ் செயல் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கதவைச் சாத்தினாலும் போதும். தன் வலியை எடுத்துரைக்க மொழியற்ற உயிருக்கு, நம் முன்யோசனையே காவல்.