ஓதமும் தூண்டிலும்

(சாரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாரத்திற்குக் கிழக்கே, கடற்கரைக் குப்பங்களில் வாழும் மீனவர் ஏடு கற்றாராயினும் கல்லாராயினும் நீரைக் கற்றவர். அக்கல்வியை அவர்தம் தமிழோடு அறிதல் நம் கடன்.

புதுவைத் திறந்த கடலில் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ 3 அடியே. ஆங்கு விசை மிக்கது கரையையொட்டிய நீரோட்டம். அது இளவேனிலில் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் ஓடும். அதன் திசைக்கேற்ப வன்னி, தெண்டி எனப் பெயரிட்டவர் சோழமண்டலக் கரை மீனவரே. செஞ்சியாற்றின் கிளை கடலிற் புகும் தேங்காய்த்திட்டுக் கழிமுகத்திலோ ஓதத்தின் ஆட்சியே பெரிது. முழுநிலா, மறைநிலா நாள்களாகிய வெள்ளுவா, காருவாக்களையொட்டி இழுப்பு மிகும், அரைநிலாவையொட்டித் தணியும்.

இழுப்பு மிக்க நீரில் வெட்டிய இரையைக் கோப்பது தனிக்கலை. மத்தி நெய் மிக்கது. அதன் மணம் நீரோடு பரவி மீனை அழைக்கும். ஆயின் தசை மெலிது, விரைவில் கரையும். கடம்பா எனப்படும் கணவாயின் தசை வலிது, முள்ளில் நிற்கும். எதுவாயினும் நீண்டு மெலிந்த துண்டாக அரிந்து, ஒடுங்கிய முனையில் ஒருமுறை குத்தி, முள்ளின் கூர் வெளித்தெரிய விடுதல் வேண்டும். நடுவிற் குத்திக் குவித்தால் துண்டு சுழலும், நரம்பு முறுக்கேறும், மீன் ஐயுற்று விலகும்.

நீரின் விரைவு 2 மடங்கானால் நரம்பை இழுக்கும் விசை ஏறத்தாழ 4 மடங்காகும். ஆகலின் ஈயக்குண்டைப் பெருக்கினால் மட்டும் போதாது. நரம்பும் மெலிதாதல் வேண்டும். ஓட்டத்தின் மேற்புறம் எறிந்தால், குண்டு மிதந்தோடாது அடியில் அமரும். ஓதம் திரும்புங்கால் இழுப்பு அடங்கும் சிறுபொழுதே தூண்டிலுக்கு எளிய பொழுது.

ஓதம், உவா, கழி, இரை, தூண்டில், நரம்பு: இவற்றுள் எச்சொல்லை நாம் பிறரிடம் இரந்தோம்? தூண்டில் சங்கச் செய்யுளிலேயே வழங்கிய சொல். கட்டுமரத்தை ஆங்கிலமும் பிரெஞ்சும் நம்மிடமே கடன் கொண்டன. அங்ஙனமிருந்தும் உவாவை மறந்து பௌர்ணமி, அமாவாசை என்கின்றோம். பொறிப்படகும் இடங்காட்டுங் கருவியும் வந்தபின், வன்னியும் தெண்டியும் இளைஞர் நாவில் அருகுகின்றன. நாமோ ஊற்றின் கரையிலிருந்துகொண்டே, புதுச்சொல் ஆக்குதற்கு ஏடு புரட்டுகின்றோம்!

தமிழ் மாணவர்காள்! வரும் உவா நாளில் கழிமுகஞ் செல்க. முதிய மீனவர் அருகமர்ந்து கேட்க. அவர் சொல்லும் சொல்லைப் பொருளோடு எழுதுக, திருத்தாது எழுதுக.