கிற்றாருக்குச் செவி பொருத்துதல்

பத்துப் பேர் அமர்ந்திருக்கும் கூடத்திலே ஒரு கிற்றார் ஒலிக்கும்பொழுது அதன் குரலுக்குக் குறையொன்றுமில்லை. அதே கிற்றார் ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில், முரசுகளும் பித்தளைக் குழல்களும் சூழ ஒலிக்குமாயின், வாசிப்பவரின் விரல் அசைவதைச் சபையோர் காண்பர்; இசையைக் கேளார். இக்குறையைத் தீர்ப்பதற்கு எழுந்ததே பிக்கப் என்று இசைவாணர் வழங்கும் சிறு கருவி. இதனைக் கிற்றாரில் பொருத்திவிட்டால் ஒலி பெருகும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், பெருகி வரும் அவ்வொலி எதனுடைய ஒலி என்ற வினாவைப் பலர் எழுப்புவதில்லை. பிக்கப் வாங்க முனையும் இளைஞர் முதலில் விடை காணவேண்டிய வினா அதுவேயாகும்.

கிற்றார் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை முதற்கண் நோக்குதல் நன்று. மீட்டப்பட்ட தந்தி தானாக எழுப்பும் ஓசை மிகச் சிறிது. மெல்லிய கம்பியொன்று காற்றை எவ்வளவுதான் அசைத்துவிட முடியும்? தந்தியின் துடிப்பு, குதிரையின் மேல் பதிந்துள்ள எலும்புப் பட்டைக்குச் செல்கின்றது. அங்கிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மெல்லிய மேற்பலகைக்கும் பரவுகின்றது. மேற்பலகை அசையும்பொழுது பெட்டியினுள் அடைபட்ட காற்றும் ஒலித்துளை வழியே மூச்சு விடுவதுபோல் உட்சென்று வெளிவருகின்றது. வழக்கமான சுருதியில் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறையும், மிக மெல்லிய தந்தி ஏறக்குறைய 330 முறையும் துடிக்கின்றன. ஆயினும், அத்துடிப்புக்களுள் எவற்றை வளர்ப்பது, எவற்றை அடக்குவது என்பதை மரமும் காற்றுமே தீர்மானிக்கின்றன. ஒரே வகைத் தந்திகளைப் பூட்டிய இரு கிற்றார்கள் இரு வேறு குரலில் பேசுவதன் காரணம் இதுவே.

கிற்றாரின் முன்னே ஓர் ஒலிவாங்கியை வைத்துவிட்டாற் போதாதா என நேயர்கள் வினவலாம். அமைதி நிறைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அதனினும் சிறந்த வழி இல்லை. மரத்திலிருந்தும் துளையிலிருந்தும் புறப்படும் ஒலி காற்றிலே கலந்து ஒன்றானபின் ஒலிவாங்கி அதனை ஏற்கின்றது. ஆனால், மேடையின் நிலை வேறு. வாசிப்பவர் சற்றே அசைந்தால் ஒலி தேயும். அருகிலுள்ள முரசின் ஓசையும் அதே ஒலிவாங்கிக்குள் புகும். இவற்றினும் பெரிய இடர் ஊளை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியை அடைந்து, பெருக்கப்பட்டு, மறுபடியும் ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, சுற்றிச் சுற்றி வளர்ந்து, கேட்போர் காதைப் பொத்தும்படி ஓலமிடும். கிற்றாரின் மேற்பலகையே ஒலியை வாங்கி அதிரும் இயல்புடையதாகையால், இவ்விடர் இக்கருவிக்கு இரு மடங்காகின்றது.

காற்றை நம்பாது தந்தியின் அசைவையே நேராகப் பற்றிக்கொள்ள முனைந்தோர் முதலில் நாடியது காந்தத்தை. காந்தப் புலத்தில் மாற்றம் நிகழும்பொழுது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கல் பரடே 1831ஆம் ஆண்டில் காட்டினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், கலிபோர்னியாவில் ஜோர்ஜ் போஷம் என்ற இசைக் கலைஞர் இக்கொள்கையைக் கிற்றாருக்குப் பயன்படுத்தினார். உருக்குத் தந்தி காந்தத்தின் அருகே துடிக்க, அதன் துடிப்புக்கு ஒப்ப மின்னோட்டம் ஏறி இறங்கியது. அவர் அமைத்த மடிக் கிற்றார் 1932இல் ரிக்கன்பாக்கர் குழுவினரால் விற்பனைக்கு வந்தது. அதற்கான காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது. கிப்சன் நிறுவனம் 1936இல் காந்தப் பிக்கப் பூட்டிய கிற்றாரொன்றை வெளியிட்டது. அதனை ஏந்திய சார்லி கிறிஸ்ரியன் என்ற இளைஞர் 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்து, குழல் வாசிப்போருக்கு நிகராகத் தனி வாசிப்பு நிகழ்த்தினார். 1942இல், தமது 25ஆம் வயதில், அவர் மறைந்தார். அவர் மேடையேறிய காலம் குறுகியதாயினும், பின்னணியில் தாளம் காத்துக் கிடந்த கிற்றார் அக்காலத்திலேதான் முன்வரிசைக்கு வந்தது.

ஆயின் காந்தத்தின் செவி ஒருபாற் சாய்ந்தது. அது தந்தியின் அசைவை அறியும். மரத்தின் அசைவைப் பெரும்பாலும் அறியாது. உயர்ந்த மரத்தால் ஆன கிற்றாரும் மலிவான கிற்றாரும் அதன் வழியே ஏறக்குறைய ஒரே குடும்பத்துக் குரலிற் பேசும். நைலோன் தந்திகளோ காந்தத்துக்கு முற்றிலும் பிடிபடா. கிப்சன் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஜே-160ஈ என்னும் கிற்றார் இதற்கு நல்ல சான்று. பார்வைக்கு அது மரக் கிற்றார். விரற்பலகையின் முடிவிலே காந்தப் பிக்கப் மறைந்திருந்தது. ஊளையைத் தடுக்கும் பொருட்டு மேற்பலகையை ஒட்டுப்பலகையாற் செய்தனர். மரத்தின் அதிர்வு அடங்கியது. அதனோடு மரத்தின் குரலும் அடங்கியது. பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனனும் ஜோர்ஜ் ஹரிசனும் 1962இல் இவ்வகைக் கிற்றார்களை வாங்கினர். அக்குழு 1964இல் வெளியிட்ட ஒரு பாடல், கிற்றாரின் ஊளை ஒலியையே தொடக்கமாகக் கொண்டு அமைந்தது. தொல்லையாயிருந்ததும் கலைஞன் கையில் அணியாயிற்று.

இரண்டாவது வழி அழுத்தத்தைப் பற்றியது. சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதைப் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர் 1880இல் கண்டனர். இத்தகைய பொருளை மெல்லிய பட்டையாக்கிக் குதிரையின் எலும்புப் பட்டைக்கு அடியில் வைத்தால், தந்தி துடிக்குந்தோறும் ஏற்படும் அழுத்த மாற்றம் மின்னாக வெளிப்படும். இங்கே உருக்கு, நைலோன் என்ற வேறுபாடு இல்லை.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிற்றார் இம்முறையின் பயனுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். 1969இல், பிக்கப்புடன் கூடிய அவரது போல்ட்வின் கிற்றார் உடைந்து, செப்பனிட முடியாததாயிற்று. நாஷ்விலில் இருந்த ஷொட் ஜக்சன் என்ற வினைஞர் அதன் பிக்கப்பைக் கழற்றி, மார்ட்டின் நிறுவனத்தின் நைலோன் தந்திக் கிற்றாரொன்றிற் பொருத்திக் கொடுத்தார். நெல்சன் அதற்கு ஒரு குதிரையின் பெயரைச் சூட்டினார். ஆண்டுகள் பல கடந்தும் அதனையே மேடைதோறும் ஏந்தினார். அவரது விரல்கள் உரசி உரசி ஒலித்துளையின் அருகே பலகையில் மற்றொரு துளையே விழுந்துவிட்டது. அவ்வாறிருந்தும், அக்குரலை ஒருமுறை கேட்டவர் மறுமுறை அடையாளம் காண்பர். மென்மையான நைலோன் தந்திக் கிற்றார் பெருங்கூட்டத்தின்முன் பாடகருக்கு ஈடுகொடுத்தது பொருத்தமான பிக்கப் வாய்த்தமையாலே என்பதிற் ஐயமில்லை.

உலங்குவானூர்தி அமைப்பதிற் பேர்பெற்ற சார்ல்ஸ் கேமன் 1966இல் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம், 1970களில் இவ்வகைப் பிக்கப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. அதன் பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

இச்செவிக்கும் ஒரு சாய்வுண்டு. மரம் மென்மையாக்கிப் பதப்படுத்துவதற்கு முன்னரே இது தந்தியின் விசையைப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே, விரலால் அழுந்த மீட்டும்பொழுது ஒலியின் தொடக்கம் வன்மையாகி, வாத்தின் கத்தலை ஒத்த கூர்மை தோன்றும். மேலும், இதனைச் சாதாரணப் பெருக்கியில் நேராக இணைத்தால் கீழ்ச்சுரங்களின் வலு தேய்ந்து ஒலி மெலியும். அதனாலேயே 9 வோல்ற்றுப் பற்றரியால் இயங்கும் சிறு முன்பெருக்கி ஒன்றைக் கிற்றாரின் உள்ளே வைக்கின்றனர்.

மூன்றாவது வழி, மேற்பலகையின் உட்புறத்திலே சிறு அதிர்வுணரிகளை ஒட்டுவது. கருநாடக இசையரங்குகளில் வீணையின் பலகைமீது ஒட்டப்படும் தொடு ஒலிவாங்கியைக் கண்டோருக்கு இது புதிதன்று. மரத்தின் பேச்சை மிக அணுக்கமாகக் கேட்பது இதுவே. ஆனால், மரத்தை நன்கு கேட்கும் செவி, ஒலிபெருக்கியின் ஓசையால் மரம் அதிர்வதையும் நன்கு கேட்கும். ஆகையால் ஊளைக்கு இடங்கொடுப்பதிலும் இது முந்தி நிற்கின்றது. இக்காரணம் பற்றிப் பலர் இரு முறைகளை இணைத்து, எலும்பின் கீழுள்ள பட்டையிலிருந்து உறுதியையும், பெட்டியினுள் வைத்த சிறு ஒலிவாங்கியிலிருந்து காற்றின் நிறைவையும் பெறுகின்றனர்.

இனி, பொருத்தும் முறையைச் சிறிது கூறுதல் தகும். ஒலித்துளையிற் செருகும் காந்தப் பிக்கப் எவ்வித வெட்டும் இன்றி அமைவது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். எலும்பின் கீழ் வைப்பதற்கோ கைத்திறன் வேண்டும். தந்திகளைத் தளர்த்தி, எலும்புப் பட்டையை வெளியே எடுத்து, அது இருந்த பள்ளத்தின் முனையிலே பிக்கப்பின் வயர் இறங்கச் சிறு துளையிடுதல் வேண்டும். பிக்கப்பின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு எலும்பின் அடியைத் தேய்த்துக் குறைத்தல் அவசியம். இன்றேல் தந்திகள் உயர்ந்து, விரல் வருந்தும். கண்ணாடித் தகட்டின்மேல் அரத்தாளை விரித்து, அதன்மீது எலும்பை நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அடி சமமாக அமையும். பொருத்தியபின் ஒரு தந்தி உரத்தும் மற்றொன்று மெலிந்தும் ஒலிக்குமாயின், பிக்கப்பைக் குறைகூறுவதன் முன் எலும்பின் அடியையும் பள்ளத்தின் தரையையும் சோதித்தல் வேண்டும். எங்கோ மயிரிழை அளவு மேடு பள்ளம் இருத்தல் கூடும். வயரை வெளியே கொணரக் கிற்றாரின் வால் முனையில் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை தேவைப்படும். பழமையான, விலை உயர்ந்த கருவியிற் கைபழகாதோர் இத்துளையை இடத் துணிதல் கூடாது. பலகை பிளந்தால் அப்பிளவு ஒருபோதும் முற்றாக மறையாது.

கருவியை வெட்டி மின்சாரத்துக்கு இடமளித்த முயற்சி ஒன்றின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. மார்ட்டின் நிறுவனம் 1958, 1959ஆம் ஆண்டுகளில் டி-18ஈ என்ற கிற்றாரை ஏறக்குறைய 300 அளவிற் செய்தது. மேற்பலகையையே வெட்டி, இரண்டு காந்தப் பிக்கப்புகளையும் திருகு குமிழ்களையும் பதித்தனர். அசைவதற்கென்றே மெல்லிதாக்கப்பட்ட பலகைமீது சுமையை ஏற்றினால் விளைவது யாதென்பதைக் கூறவேண்டியதில்லை. அக்கிற்றார் வரவேற்புப் பெறாது நின்றுபோயிற்று. பிற்காலத்தில் அவற்றுள் ஒன்று கேட் கோபேன் என்னும் பாடகர் கைக்கு வந்தது. அவருக்காக அதன் ஒலித்துளையிற் வேறொரு பிக்கப் சேர்க்கப்பட்டது. 1993 நவம்பரில், மின்னிணைப்பு அற்றது எனப் பெயர்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அவர் வாசித்தது இக்கிற்றாரே. மின்னிணைப்பு அற்றதென்ற பெயருடன் நிகழ்ந்த அவ்விசையும் பிக்கப் வழியாகவே சென்றது. அக்கிற்றார் 2020இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதனை அவ்விலைக்கு உயர்த்தியது ஏந்தியவரின் புகழேயன்றிப் பலகையில் இட்ட துளைகள் அல்ல.

மேடையிற் செய்யத்தக்கனவும் சில உள. ஒலிபெருக்கியை வாசிப்பவரின் முதுகுக்கு நேரே வைத்தலாகாது. அதன் ஒலி நேராகப் பலகையைத் தாக்கும். ஒலித்துளையை இறப்பர் மூடியால் அடைத்தால், செக்கனுக்கு 100 முறை அளவில் எழும் பெட்டிக் காற்றின் அதிர்வு அடங்கி, கீழ்ச்சுர ஊளை பெரிதும் தணியும். ஊளையிடும் சுரம் எதுவெனக் கண்டு, அதனை மட்டும் சிறிது குறைக்கும் வசதி பல பெருக்கிகளில் உண்டு. எல்லாவற்றிலும் எளிய மருந்து, தேவைக்கு மிஞ்சி ஒலியைக் கூட்டாதிருத்தல்.

ஸ்பானிய மேதை அந்திரே செகோவியா, 1987இல் மறையும் வரை, தமது கிற்றாருக்கு ஒலிபெருக்கியை ஏற்க மறுத்தவர். மரத்தின் குரலைப் பிறிதொன்று மாற்றிவிடும் என்ற அவரது அச்சம் ஆதாரமற்றதன்று. சபை அமைதியாயிருந்து செவிசாய்த்தால் அவர் வழி சிறந்ததே. ஆனால் திருமண மண்டபத்திலும் திறந்த வெளியிலும் வாசித்து வாழ்க்கை நடத்தும் கலைஞனுக்கு அவ்வமைதி வாய்ப்பதில்லை. அவன் பிக்கப்பை நாடுவதிற் தவறில்லை. தந்தியின் தெளிவு வேண்டுமா, குதிரையின் உறுதி வேண்டுமா, மரத்தின் கனிவு வேண்டுமா என்பதை அவன் முதலில் தேர்தல் வேண்டும். மூன்றையும் முழுமையாகத் தரும் பிக்கப் எதுவுமில்லை. கழற்றத்தக்க பிக்கப்பைக் கொண்டு சில மேடைகளில் வாசித்துத் தன் தேவையை அறிந்துகொண்டபின் துளைகருவியைக் கையில் எடுப்பவன், தன் கிற்றாரையும் காப்பான். கேட்போர் செவியையும் காப்பான்.