உள்ளூர் விடுமுறையும் வெளியூர்ப் பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சு நமது மின்னிதழில் வரும் என்று செயலாளர் சொன்னார். ஆகவே இங்கே எதிரில் அமர்ந்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பெங்களூரிலும் புனேயிலும் துபாயிலும் இருந்துகொண்டு கைப்பேசியில் இதைப் படிக்கப் போகும் பேரையூர்ப் பிள்ளைகளே, உங்களை நினைத்துத்தான் பேசுகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று நம் தாலுகா அலுவலகம் பூட்டியிருக்கும். திருமங்கலம் போகும் பேருந்தில் நிற்க இடம் இருக்காது. மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டால் அதே நாள் வெறும் வேலை நாள். 2024-இல் ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. நீங்கள் இருக்கும் ஊரில் அது மற்றுமொரு செவ்வாய்க்கிழமையாகத்தான் இருந்திருக்கும். தீபாவளி, பொங்கல் என்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். "எங்கள் ஊர் சாமி இன்றைக்கு ஆற்றில் இறங்குகிறார்" என்று மேலாளரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவருக்கு என்ன புரியும்?

இது உங்கள் சங்கடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் வங்கி எழுத்தராக இதே மாவட்டத்தில் வேலை பார்த்தவன். எனக்கும் அன்று விடுமுறை கிடையாது. ஏன் என்று பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

உள்ளூர் விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் பொருந்தும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி வரும்: இந்த விடுமுறை 1881-ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது. எங்கள் தலையெழுத்து அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு புரோநோட்டோ மாற்றுச்சீட்டோ முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுக்க வேண்டும். பணம் கைமாறும் தேதியையே மாற்றுகிற விஷயம் என்பதால், எது பொது விடுமுறை என்பதை அரசிதழில் முறைப்படி அறிவிக்க வேண்டும். ஆட்சியரின் உள்ளூர் விடுமுறை அந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஊரே வைகைக் கரையில் நிற்கும்போது வங்கி திறந்திருக்கும். வாடிக்கையாளர் ஒருவரும் வரமாட்டார். இருந்தாலும் காசாளர் காலை 10 மணிக்குக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பல வருடங்கள் பெட்டகச் சாவிகளில் ஒன்று என்னிடம் இருந்தது. விடியற்காலை நடக்கிற விழா. ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு வந்து, காலையில் பணம் எண்ணினால் கணக்கு எங்கே நேராகும்? இதைத்தான் வீட்டில் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிதான் பையனைக் கூட்டிக்கொண்டு போவாள். முதல் நாள் சாயங்காலமே டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகப் போய்விடுவார்கள். மூன்றுமாவடியில் எதிர்சேவை பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, தங்கக் குதிரையில் அழகர் வரும் வரைக்கும் கூட்டத்தில் காத்திருப்பார்கள். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றி, தூக்கிக் காட்டுவார்கள். திரும்பி வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கலர் பட்டு?" பச்சை என்றால் அந்த வருடம் வெள்ளாமை நன்றாக இருக்கும் என்று நிம்மதி. எனக்கு அவ்வளவுதான் திருவிழா.

இப்போது அந்தப் பையன் புனேயில் இருக்கிறான். வேலைக்குப் போய்ப் பல வருடங்களில் ஒரு சித்திரைக்குக்கூட வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் தொலைபேசியில் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். "ஒரு நாள் லீவு போட முடியாதா? அப்படி என்ன பெரிய வேலை?" என்றேன்.

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "அப்பா, நான் பார்த்த எந்தத் திருவிழாவுலயும் நீங்க இல்லையே. நீங்க ரிட்டயர் ஆனப்ப 240 நாள் லீவு மிச்சம் இருந்துச்சுன்னு பெருமையாச் சொன்னீங்களே."

அவன் சொன்னது உண்மை. எங்கள் வேலையில் ஈட்டிய விடுப்பை எடுக்காமல் சேர்த்து வைத்தால், நான் ஓய்வு பெற்ற காலத்தில் 240 நாள் வரைக்கும் சம்பளமாக வாங்க முடிந்தது. நான் முழுசாக வாங்கினேன். அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி கட்டினேன். சட்டம் விடுமுறை தரவில்லை என்பது நிஜம். ஆனால் விடுப்பு என் கணக்கில் இருந்தது. சாவியை இன்னொருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் வழி இருந்தது. நான் கேட்கவே இல்லை. வணிகவியல் படித்தவன், வரவை மட்டும் பார்த்தேன். மாடியில் இப்போது நானும் என் மனைவியும் துணி காயப்போடுகிறோம்.

2020-லும் 2021-லும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவே இல்லை. அந்த இரண்டு வருடமும் ஊரில் இருந்தவர்களும் வெளியூர்க்காரர்களைப் போலத் தொலைக்காட்சி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். வேலை ஓய்ந்து, இனி எல்லா வருடமும் போகலாம் என்றிருந்த எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் கையில் இருக்கிற விஷயம் இல்லை. 2022-இல் ஏப்ரல் 16 அன்று அழகர் மறுபடி ஆற்றில் இறங்கினார்.

ஆகவே பிள்ளைகளே, கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. நடைமுறையாக மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, தேதி. சித்திரைப் பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவு வரைக்கும் நகரும். 2023-இல் மே 5, 2025-இல் மே 12. அந்த இரண்டு வருடமும் அதே நாளில் புத்த பூர்ணிமா வந்தது. மும்பை, தில்லி போன்ற ஊர்களில் அதற்கு வங்கிகளும் மத்திய அரசு அலுவலகங்களும் விடுமுறை. கையில் விடுமுறை இருந்தும் தெரியாமல் வீட்டில் தூங்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். இனிமேல் பஞ்சாங்கம் பார்த்து, தைப் பொங்கலுக்குள் தேதியை இந்த இதழில் போட்டுவிட வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, பயணம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். தேதி தெரிந்தால் அந்தக் காலையிலேயே சீட்டு எடுத்துவிடலாம். விடுப்பை அதற்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். வரையறுக்கப்பட்ட விடுப்பு இருந்தால் இதற்கு வையுங்கள்.

மூன்றாவது, இங்கே இருக்கிறவர்களுக்கு. நம் தெருக்களில் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு விடுமுறை. தஞ்சாவூருக்கு ராஜராஜன் சதய விழா. ஓணத்துக்குக் கோவையிலும் சென்னையிலும்கூட உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. அந்த ஊர்க்காரர் இங்கே அன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். நமக்குத் தெரியாது, நாம் கேட்டதும் இல்லை. சங்கப் பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு எதிரிலும் அவர்கள் சொந்த ஊர்த் திருநாளை எழுதி வைப்போம். அன்று வாசலில் பார்த்தால் "இன்னைக்கு உங்க ஊர்ல விசேஷமாமே" என்று ஒரு வார்த்தை கேட்போம். புனேயில் என் பையனிடம் அப்படி யாராவது கேட்டால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. சென்ற சித்திரைக்கு முந்தின நாள் நான் செம்பைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். விடியற்காலையில் கூட்டத்தின் நடுவிலிருந்து பையனுக்குப் போன் போட்டேன். இரைச்சலில் அவன் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டது.

"அப்பா, என்ன கலர் பட்டு?"

நான் சொல்லவில்லை. "அடுத்த வருசம் நீயே வந்து பார்" என்றேன். சரி என்றிருக்கிறான். இந்த முறை அவனோடு நானும் நிற்பேன்.

உங்கள் வீடுகளிலும் பெரியவர்கள் யாராவது அன்றைக்குப் போனை கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் கூப்பிட்டாவது கேளுங்கள்.