திருப்பூரும் ஆப்பிரிக்கச் சந்தையும்: ஒரு குடும்பத் தொழிலின் அனுபவம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஆப்பிரிக்காவுக்கு பனியன் வித்த கதையைப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு மேடைப்பேச்சு வராதுங்க; ரேட் பேசத்தான் வரும். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர் ஏற்றுமதி என்றாலே ஐரோப்பா, அமெரிக்காதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1978-ல் இத்தாலியிலிருந்து ஒருவர் வெள்ளை டீ-சர்ட் தேடி வந்தது, 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அந்தக் கதையில் எங்கள் கம்பெனி கிடையாது. அவினாசிப் பக்கம் கிணற்றுப் பாசனத் தோட்டம் வைத்திருந்த அப்பா ஆறு மிஷினோடு ஆரம்பித்தது இது. உள்ளாடை தைத்துக் கல்கத்தாவுக்குப் பார்சல் போடுவோம். நான் பி.காம். முடித்து உட்கார்ந்தபோது 14 மிஷின். 2005 ஜனவரி 1 முதல் கோட்டா முறை எடுபட்டதும் பெரிய ஆர்டரெல்லாம் பெரிய ஃபாக்டரிகளுக்கே போயிற்று. அங்கே ஆடிட், இங்கே சர்டிபிகேட் என்று கேட்டால் இருபது மிஷின்காரன் எங்கே போவான்?

எங்களுக்கு வழி திறந்தது காதர்பேட்டையில். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், ஏற்றுமதியில் கழித்த துணி மொத்தமாக விற்கிற கடைவீதி. அங்கே ஆப்பிரிக்க வியாபாரிகள் வருவார்கள், பெரும்பாலும் நைஜீரியர்கள். இவர்கள் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் அல்ல. சொந்தப் பணத்தோடு வருகிறவர்கள். அண்ணன் இங்கே சரக்கு எடுப்பார். தம்பி லேகோஸ் பலோகன் மார்க்கெட்டில் விற்பார். நம்மைப் போலவே குடும்பத் தொழில்.

அப்படி ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். அப்பாவை "பாப்பா" என்று கூப்பிட்டார். அவர்கள் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்களாம். செக்கிங் டேபிளில் இருந்த பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை! அவர் ஒரு டீ-சர்ட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், கனமான துணியில் போட்டுக்கொடு" என்றார். எங்களுக்கு ஆச்சரியம். ஏனென்றால் ஆப்பிரிக்கா என்றால் 140 ஜிஎஸ்எம் போதும், மலிவாக இருந்தால் போகும் என்பதுதான் அன்றைக்கு ஊர் நினைப்பு.

ஏன் கனமான துணி? இதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே நமக்குப் போட்டி சீனா மட்டும் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடுத்திக் கழித்த பழைய துணி. பேல் பேலாக வந்து இறங்கும். கென்யாவில் அதற்கு மிதும்பா என்று பெயர். கானாவில் 'செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு. ஆனால் அந்தப் பழைய துணி நல்ல கம்பெனி துணி. இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். நம் புதுத்துணி மூன்று சலவையில் சுருங்கினால் எவன் வாங்குவான்? 180 ஜிஎஸ்எம் போட்டோம். காம்பாக்டிங் செய்தோம். சைஸ் இரண்டு எக்ஸ்எல், மூன்று எக்ஸ்எல் வரை. கழுத்து ரிப் தளராமல் இருக்க வேண்டும் என்பதில் அந்த மனுஷர் என் மனைவியைவிடக் கண்டிப்பு. (செக்கிங் அவர் பொறுப்பு. இங்கே உட்கார்ந்திருக்கிறார், அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.)

இது நமக்குப் புதுச் சந்தையும் அல்ல. மதராஸ் கைக்குட்டை என்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி தென்னிந்தியாவிலிருந்து நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. இக்போ மக்கள் கல்யாணத்துக்குக் கட்டும் 'ஜார்ஜ்' துணி அந்த வழியில் வந்ததுதான். இதை எனக்குச் சொன்னதும் ஒரு நைஜீரியரே.

பத்து வருஷத்தில் 14 மிஷின் 60 ஆனது. தம்பி நிட்டிங், சாயம் பார்த்தான்; நான் பேங்க், டாக்குமெண்ட். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது வெளியூரில் சாயம் போட்டுச் சமாளித்தோம். நொய்யல் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயமே.

உண்மையான சோதனை 2015 ஜூன். அன்னியச் செலாவணி தட்டுப்பாட்டால், துணிமணி உள்பட 41 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு இனி வங்கி வழியாக டாலர் கிடையாது என்று நைஜீரிய மத்திய வங்கி அறிவித்தது. தங்கள் நாட்டு உற்பத்தியைக் காக்க எடுத்த முடிவு. நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் இரண்டு கன்டெய்னர் பாக்கி மாட்டிக்கொண்டது. அவருக்கு மார்க்கெட்டில் வருவது நைரா. எங்களுக்குத் தர வேண்டியது டாலர். அறிவிப்பு வந்தபோது டாலர் 200 நைராவுக்குச் சற்றுக் குறைவு. 2017 தொடக்கத்தில் வெளிச்சந்தையில் 500. அதாவது அதே கடனை அடைக்க அவர் இரண்டரை மடங்கு பணம் புரட்ட வேண்டும். இங்கே சனிக்கிழமை சம்பளம் நிற்குமா? தோட்டத்தில் இரண்டு ஏக்கரை விற்றோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஆப்பிரிக்கர்களுக்கு வீடு தரக்கூடாது, கடை வைக்க விடக்கூடாது என்று பேச்சும் பலமாக இருந்தது. விசா முடிந்தும் தங்குபவர்மேல் சட்டம் நடவடிக்கை எடுக்கட்டும். அதற்காகச் சரக்கு எடுக்க வந்தவரை, நம் பெட்டியில் பணம் போடுகிறவரை, தோல் நிறம் பார்த்து வாசலில் நிறுத்துவதா? எங்கள் ஆளுக்கு ஒருவரும் வீடு தரவில்லை. எங்கள் கம்பெனி மாடி அறையில் நான்கு மாதம் இருந்தார். பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி 2018-ல் முடித்தார்.

இப்படி உறவு நல்லதாக இருந்தாலும் கரன்சி நல்லதாக இருக்காது பாருங்க. 2023 ஜூனில் நைராவைச் சந்தைப் போக்குக்கு விட்டார்கள். சில நாளில் டாலர் 470-லிருந்து 750-க்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. 2023 அக்டோபரிலேயே டாலர் தடையை எடுத்துவிட்டார்கள் என்றாலும், வாங்குகிற ஜனங்கள் கையில் காசு இல்லை. எங்கள் ஆர்டர் பாதியாயிற்று. இந்தத் தடவை தாங்கினோம். காரணம், புதுப் பையருக்கு முன்பணம் இல்லாமல் கட்டிங் போடுவதில்லை. கடன் சரக்குக்கு ஈ.சி.ஜி.சி. இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம், ஒரே நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, "ஆப்பிரிக்காவில் யாரைப் பிடிப்பது?" என்று பெரிய கம்பெனிக்காரர்களே போன் செய்தார்கள். முன்பு எங்களைக் 'காதர்பேட்டை எக்ஸ்போர்ட்டர்' என்று கேலி பேசியவர்களும் அதில் உண்டு. தெரிந்ததைச் சொன்னோம்.

இப்போது எங்கள் கண் செனகல், டோகோ, ஐவரி கோஸ்ட் பக்கம். அங்கே புழங்கும் சிஎஃப்ஏ ஃபிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டிருக்கிறது. நைரா மாதிரி ராத்திரியோடு ராத்திரியாகச் சரிவதில்லை. ஆனால் அங்கே பேச்சு, மெயில், துறைமுகக் காகிதம் எல்லாம் பிரெஞ்சு. என் மருமகள் போனை வைத்து மொழிபெயர்த்துச் சமாளிக்கிறாள். ரேட் பேசும்போது அது உதவாது. ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது பிரெஞ்சு படித்திருந்தால், அல்லது படிக்கத் தயாராக இருந்தால், உரை முடிந்ததும் வந்து என்னைப் பாருங்கள். படிக்கும் செலவு கம்பெனியைச் சேர்ந்தது. பெண் பிள்ளைகளும் வரலாம். டோகோவில் துணி வியாபாரத்துக்குப் பேர்போனவர்களே பெண்கள்தான்.