"ஏன் அவரை டொக்டர் ஆக்கினனி?"

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒரு காதல் நாவலாசிரியையின் ஒரு நாள்" என்பதுதான் சங்கச் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு. கேட்டவுடன் சிரிப்பு வந்துவிட்டது. நான் இங்கே படித்த காலத்தில் இந்த மேடையில் ஒரு பிள்ளை "காதல்" என்று வாய் திறந்திருந்தால், அடுத்த நாள் தாய் தகப்பனோடுதான் பாடசாலைக்கு வந்திருக்க வேண்டும். இன்றைக்கு அதே மேடையில் எனக்கு மாலை போட்டு, அதைப் பற்றியே பேசச் சொல்கிறீர்கள். நூறு வருடத்தில் ஏதோ நடந்துதான் இருக்கிறது.

என் நாளில் சொல்லக்கூடிய அதிசயம் ஒன்றும் இல்லை. காலை 4.30க்கு எழும்புவேன். ஒரு தேத்தண்ணி. பிறகு குசினி மேசையில் சீ.ஆர். கொப்பியை விரித்து, நீலப் பேனையால் இரண்டு பக்கம் எழுதுவேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போட்டால் ஆறு மணி ஆகிவிட்டது என்று அர்த்தம். கொப்பியை மூடிவிட்டு அரிசி களையப் போவேன். கதாநாயகனும் கதாநாயகியும் அடுத்த நாள் காலைவரை அப்படியே நிற்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் பாபரா காட்லண்ட் அம்மையார் சோபாவில் சாய்ந்தபடி கதையைச் சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொள்வாராம். ஒரே வருடத்தில் 23 நாவல் எழுதியவர் அவர். எனக்குச் சோபாவும் இல்லை, செயலாளரும் இல்லை. ஒரு நாவலுக்கு ஒன்றரை வருடம் செல்கிறது.

எனக்கு நெருக்கமானவர் ஜேன் ஒஸ்ரின்தான். சோட்டன் கிராமத்து வீட்டில் ஆட்கள் வந்துபோகும் அறையில், ஒரு சின்ன மேசையில் இருந்து எழுதினார். அந்த வழியில் ஒரு கதவு கிறீச்சிடும். அதைத் திருத்த வேண்டாம் என்று அவர் சொன்னதாக மருமகன் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சத்தம் கேட்டதும் தாள்களை மறைத்துவிடலாம் அல்லவா? 1811இல் வந்த அவருடைய முதல் நாவலில் பெயர்கூட இல்லை; ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டார்கள். நானும் முதல் ஆறு வருடம் புனைபெயரில்தான் எழுதினேன். அது என்ன பெயர் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

எழுதத் தொடங்கியது இந்தப் பாடசாலை விடுதியில். 1984ஆம் ஆண்டு. ராணிமுத்துப் புத்தகங்களும் ரமணிசந்திரனும் பூமிசாத்திர உறைக்குள் ஒளிந்து கட்டில் கட்டிலாகச் சுற்றிய காலம். படித்து முடிந்து ஒன்றும் மிஞ்சாத ஒரு கிழமையில், நானே ஒரு கதை எழுதி அறைத் தோழிகளுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கொப்பி விடுதிப் பொறுப்பாசிரியையின் கைக்குப் போய்விட்டது. அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு போய் நின்றேன். ரீச்சர் கொப்பியைத் திருப்பித் தந்தார். ஏசவில்லை. ஓர் இடத்தில் மட்டும், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஐந்து நிமிடத்தில் புட்டு அவியாது." என் கதாநாயகி, அவன் படலையைத் திறந்து உள்ளே வருவதற்குள் மா குழைத்து, கொத்தி, புட்டு அவித்துப் போட்டிருந்தாள்! எனக்கு அப்போது 16 வயது, அடுப்படிப் பக்கம் போனதில்லை. எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். அதைவிடப் பயனுள்ள ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று எல்லோரும் கேட்கிறார்கள். காதல் கதைக்கு வேண்டியது காதல் இல்லை, தடை. இரண்டு பேரையும் இருநூறு பக்கத்துக்குப் பிரித்து வைக்க நம்பத்தக்க ஒரு காரணம் வேண்டும். வெள்ளைக்கார நாவலாசிரியைகள் அதற்காக மிகவும் கஷ்டப்படுகிறார்கள்: தவறிய கடிதம், தப்பாக விளங்கிய ஒரு வார்த்தை, மறைந்திருக்கும் உயில். யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. சீதனம் இருக்கிறது, சாதி இருக்கிறது, எட்டாமிடத்துச் செவ்வாய் இருக்கிறது. பெடியனுக்குக் கீழே கரைசேராத மூன்று தங்கைமார் இருப்பார்கள். இப்போது விசாவும் சேர்ந்துகொண்டது. 1914இல் மங்களநாயகம் தம்பையா "நொறுங்குண்ட இருதயம்" எழுதினார். நம் மண்ணில் ஒரு தமிழ்ப் பெண் நாவல் எழுதி நூறு வருடம் தாண்டிவிட்டது. அது கலியாணத்துக்குப் பிறகு ஒரு பெண் படும் பாட்டைச் சொல்லும் கதை. நாங்கள் பின்னால் வந்தவர்கள் பலர், தாலி கட்டும் இடத்தில் "முற்றும்" போட்டுத் தப்பிவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முப்பது வருடம் அரசாங்க லிகிதராக இருந்தேன். அதில் சில வருடம் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பகுதியில். நாலைந்து இடப்பெயர்வுக்குள்ளும் விவாகப் பதிவுப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி, இடுப்பில் செருகிக் காப்பாற்றிக் கொண்டுவந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். நகை போயிருக்கும், வீட்டு உறுதி போயிருக்கும், அந்தத் தாள் இருக்கும். மேசையில் வைத்து மடிப்பை நீவி நீவி விரிப்பார்கள். என் கதாநாயகிகளின் கைகள் எல்லாம் அந்தக் கைகள்தான்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சொல்வதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, 1988இல், சங்கக்கடையில் கணக்கெழுதிய ஒருவரை விரும்பினாள். வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று பங்கீட்டு அட்டையை நீட்டுவாள். அட்டை திரும்பி வரும்போது உள்ளே நாலாக மடித்த துண்டு ஒன்று இருக்கும். அதை ஜாம் போத்தல் விளக்கில் வாசித்து, அந்த விளக்கிலேயே கொளுத்திவிடுவாள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கமாகிவிட்டார்கள். அவர் சாவகச்சேரிப் பக்கம் பாடசாலை பாடசாலையாகச் சைக்கிளில் தேடி, பதினேழாம் நாள் அவளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகும் இரண்டு வருடம். ஒன்பது வருடம் காத்திருந்து 1997இல் பதிவுத் திருமணம் செய்தார்கள்.

நான் அப்போது கொழும்பில். கதை கேள்விப்பட்டேன், விட மனம் வரவில்லை. 1999இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினேன். அட்டை, துண்டு, விளக்கு, சைக்கிள் எல்லாம் வந்தது. ஒன்றை மட்டும் மாற்றினேன். சங்கக்கடைக் கணக்கரை டொக்டர் ஆக்கினேன். பத்திரிகை ஆசிரியர் கேட்கவில்லை, நானேதான் செய்தேன். வாசகிகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்தும் இருந்தது. வந்த கடிதங்களை ஒரு சாக்கில் கட்டி வைத்தேன்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்கு வந்து அவள் வீட்டுக்குப் போனேன். புட்டும் முட்டைப் பொரியலும் தந்தாள். சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டாள்:

"எல்லாம் வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஏன் அவரை டொக்டர் ஆக்கினனி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"எங்கடை வீட்டிலை ஒன்பது வருஷம் அவரை மறைச்சு வைச்சனான், கணக்குப்பிள்ளை எண்டு. நீயும் மறைச்சுப் போட்டாய், என்ன?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பழைய நாவல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்று டொக்டர், இரண்டு இஞ்சினியர், ஒரு கணக்காளர் (பட்டயக் கணக்காளர்தான், சும்மா கணக்காளர் அல்ல), லண்டனில் இருந்து வந்த ஒருவர். சீதனத்தைத் திட்டித் திட்டி எழுதியிருக்கிறேன். ஆனால் சீதனச் சந்தையில் யாருக்கு விலை கூடவோ, அவர்களைத்தான் கதாநாயகன் ஆக்கியிருக்கிறேன். அதை எனக்கு ஒரு விமர்சகரும் சொல்லவில்லை.

புத்தகமாக வந்திருந்த அந்த நாவலின் இரண்டாம் பதிப்புக்காக ஐந்து அத்தியாயங்களைத் திருத்தி எழுதினேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் காதில் பென்சில் செருகினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, டொக்டரைவிட இவர் எவ்வளவு வசதியான கதாநாயகன் என்று. நாள் முழுக்க ஊர் முழுவதையும் பார்க்கிறார். எந்த வீட்டில் சீனி முடிந்தது, எந்த வீட்டில் ஆள் குறைந்தது என்று இவருக்குத் தெரியும். முதல் பதிப்பு எட்டு மாதத்தில் முடிந்தது. இரண்டாம் பதிப்பில் பாதிக்கு மேல் கட்டு அவிழ்க்காமல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

அதில் 40 பிரதிகளை இன்று கொண்டுவந்து மண்டப வாசலில் வைத்திருக்கிறேன். விற்கும் பணம் விடுதி நூலகத்துக்கு. பூமிசாத்திர உறை தேவைப்படாது என்று அதிபர் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.

தோழி இன்று வருவதாக இருந்தது. அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு நாள்தான் ஆகிறது. உரையை அச்சடித்ததும் ஒரு மலர் அனுப்பச் சொல்லியிருக்கிறாள், வாசித்துக் காட்டுவாளாம்.